சமையல் வகுப்பில் கேட்கப்படாத கேள்வி

அமெரிக்க நடுநிலைப் பள்ளிகள் பலவற்றில் ஒரு வகுப்பறை மட்டும் மற்றவற்றைப் போல இருக்காது. முன்பக்கம் மேசைகள், பின்பக்கம் நான்கைந்து சிறிய சமையலறைகள். ஒவ்வொன்றிலும் ஓர் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரி. ஒரு மூலையில் தையல் எந்திரங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஆணும் பெண்ணுமாக அங்கே மாவு பிசைகிறார்கள், சின்னத் தலையணை தைக்கிறார்கள், ஒரு மாத வரவுசெலவுக்குக் கணக்குப் போடுகிறார்கள், குழந்தை வளர்ப்பு பற்றிப் படிக்கிறார்கள். பாடத்தின் பெயர் ‘குடும்பம் மற்றும் நுகர்வோர் அறிவியல்’. நாம் மனையியல் என்று அறிந்ததன் இன்றைய அமெரிக்கப் பெயர் அது.

சமையல் செய்முறை நாளில் ஒவ்வொரு குழுவுக்கும் வேலைகளைப் பிரித்துக் கொடுப்பது அங்கே வழக்கம். இந்த வாரம் ஒருவர் சமைப்பார், ஒருவர் பொருட்களை எடுத்து அளந்து கொடுப்பார், ஒருவர் பாத்திரம் கழுவுவார், ஒருவர் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வார். அடுத்த முறை வேலைகள் கைமாறும். பையன் கழுவுவான், பெண் மேற்பார்வை பார்ப்பாள்.

பார்த்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆணும் சமையல் கற்க வேண்டும், வேலை சுழல வேண்டும் என்றுதானே நாமும் கேட்டோம்? ஆனால் மணி அடித்ததும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள். வேலைப் பட்டியல் வகுப்பறைச் சுவரிலேயே தங்கிவிடுகிறது. வீட்டில் அப்படியொரு பட்டியல் ஏன் இல்லை, அங்கே கழுவுகிறவர் ஏன் மாறுவதே இல்லை என்ற கேள்வி பாடத்தில் வருவதில்லை. எப்படிச் சமைப்பது என்பதைக் கற்றுத்தருகிற பாடம், யார் சமைக்கிறார், ஏன் அவரே சமைக்கிறார் என்பதைத் தொடுவதில்லை. இது ஓர் ஆசிரியரின் கவனக்குறைவு அல்ல. இந்தப் பாடம் பிறந்த விதத்திலேயே இந்த மௌனம் இருக்கிறது.

பக்கவாசல்

இத்துறையின் தாய் என்று சொல்லப்படும் எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ் ஒரு வேதியியலாளர். 1842இல் பிறந்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்த முதல் பெண். 1873இல் அங்கே பட்டம் பெற்றார். குடிநீரின் தரத்தை ஆராய்ந்ததில் அவர் செய்த வேலை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பொதுச் சுகாதார வரலாற்றில் இடம்பெற்றது. அப்படிப்பட்டவரும் அந்த நிறுவனத்தில் தன் இடத்தைத் தக்கவைக்க, அறையைத் துடைத்து ஒழுங்குபடுத்துவது, பேராசிரியர்களுக்குத் தைத்துக்கொடுப்பது போன்ற வேலைகளையும் செய்ய வேண்டியிருந்தது. ‘பெண்ணுக்குரிய’ வேலைகளைத் தான் வெறுக்கவில்லை என்று அவர் காட்டியதால்தான் பலர் அவரைச் சகித்துக்கொண்டார்கள்.

1899இல் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட் என்ற ஊரில் அவரும் தோழர்களும் கூடினார்கள். ஆண்டுதோறும் தொடர்ந்த அந்தக் கூட்டங்களின் முடிவில், 1909இல் அமெரிக்க மனைப்பொருளியல் சங்கம் உருவானது. ரிச்சர்ட்ஸ் அதன் முதல் தலைவர். உணவின் வேதியியல், சாக்கடையும் நோயும், கலப்படம், காற்றோட்டம் எல்லாம் அறிவியல், இவற்றை நடத்துகிற பெண்ணும் அறிவியல் தெரிந்தவள் என்று அவர்கள் நிறுவ முயன்றார்கள்.

அதற்குப் பலன் இருந்தது. வேதியியல் துறை வாசலில் நிறுத்தப்பட்ட பெண்களுக்கு மனையியல் ஒரு பக்கவாசலைத் திறந்தது. வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஆக்னஸ் ஃபே மார்கன் பெர்க்லியில் பேராசிரியரானதும், வைட்டமின் ஆராய்ச்சி செய்ததும் மனையியல் துறைக்குள் இருந்துதான். ஆனால் பக்கவாசல் வழியாக நுழைய ஒரு விலை இருந்தது. வீடு பெண்ணின் இடம் என்பதை ஒப்புக்கொண்டு, அந்த இடத்துக்கு மதிப்புக் கேட்பதுதான் அந்த விலை. வீட்டுவேலையை அறிவியலாக்கினார்கள். அது பெண்ணின் வேலை என்பதைத் தொடாமல் விட்டார்கள். 1917இல் வந்த ஸ்மித்–ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்கு மத்திய அரசின் பணத்தை ஒதுக்கியபோது இந்தப் பிரிவினை அரசு முத்திரையும் பெற்றது. நடைமுறையில் வேளாண்மையும் பட்டறையும் பையன்களுக்கு, மனையியல் பெண்களுக்கு என்று ஆனது.

யாருடைய வீடு?

‘பெண்கள்’ என்று மொத்தமாகச் சொல்லிவிட்டால் இன்னொன்று மறைந்துவிடும். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அமெரிக்க அரசு விடுதிப் பள்ளிகளில் வைத்திருந்த காலத்தில், அந்தப் பெண்பிள்ளைகளுக்கும் வீட்டுவேலை ‘கற்பிக்கப்பட்டது’. பள்ளியின் துணிகளைத் துவைத்ததும் சமையலைச் செய்ததும் அவர்கள்தாம். 1879இல் தொடங்கிய கார்லைல் பள்ளியிலிருந்து அவர்களை வெள்ளையர் வீடுகளுக்கு வேலைக்கும் அனுப்பினார்கள். அதற்கும் பெயர் கல்வி. கறுப்பினப் பெண்களுக்கான மனையியல் பயிற்சியிலும் இந்த இழுபறி இருந்தது. சொந்த வீட்டை நடத்தப் படிக்கிறாளா, வெள்ளைக்காரி வீட்டில் ஊழியம் செய்யப் பழக்கப்படுகிறாளா? வெள்ளை நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கு அதே பாடம் இல்லத்தலைவி ஆவதற்கான பயிற்சி.

கல்லூரிகளில் நடந்தது இன்னும் விசித்திரம். கார்னெல் பல்கலைக்கழக மனையியல் மாணவியருக்குப் ‘பயிற்சி வீடு’ ஒன்று இருந்தது. அதில் உயிருள்ள ஒரு பயிற்சிக் குழந்தையும் இருந்தது. குழந்தைகள் நல அமைப்புகளிடமிருந்து கைக்குழந்தைகளைப் பெற்று, மாணவியர் முறைவைத்துத் தாயாக இருந்து வளர்த்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு ‘டொமிகான்’ என்று குடும்பப் பெயர் வைத்தார்கள். மனைப்பொருளியல் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. பிறகு குழந்தை தத்துப் போகும், புதிய குழந்தை வரும். 1919இல் தொடங்கிய இந்த வழக்கம் 1969வரை நீடித்தது. தாய்மை இயல்புணர்ச்சி அல்ல, கற்று வருவது என்று இத்துறை நம்பியது. அது முற்போக்கான நம்பிக்கைதான். ஆனால் தாய்மை கற்று வருவதென்றால் தந்தைமையும் கற்று வருவதுதானே என்ற அடுத்த அடியை எடுத்துவைக்கவில்லை.

பெயர் மாறியது

1972இல் கல்வியில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கும் ‘ஒன்பதாம் தலைப்பு’ச் சட்டம் வந்தது. பெண்களுக்குச் சமையல், பையன்களுக்குப் பட்டறை என்ற பிரிவினை சட்டவிரோதமானது. அதே காலத்தில் பெண்ணிய இயக்கமும் மனையியலைக் கடுமையாகச் சாடியது. 1970களின் தொடக்கத்தில் மனைப்பொருளியல் சங்கத்தின் மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட ராபின் மார்கன், அவர்களை எதிரிகள் என்றே அழைத்து, அந்த வேலையை விட்டு விலகச் சொன்னார்.

அந்தக் கோபம் புரிகிறது. அதில் ஒரு தவறும் இருந்தது, அதை நாமும் செய்திருக்கிறோம். கல்லூரியில் ஒருத்தி மனையியல் எடுத்தாள் என்றால் ‘கல்யாணத்துக்குப் படிக்கிறாள்’ என்று சிரித்தவர்களில் பெண்ணியவாதிகளும் உண்டு. ஆண்கள் இழிவாகப் பார்த்த வேலையை நாமும் இழிவாகப் பார்த்தோம். வேலையைப் பெண்ணின் தலையில் கட்டியதை எதிர்க்கப் போய், வேலையையே அவமதித்தோம். சோறு ஆக்குவதும் நோயாளியின் மலத்தை அள்ளுவதும் நம் அவமதிப்பால் நின்றுவிடவில்லை. வசதியுள்ள வீட்டில் அது இன்னொரு பெண்ணின் கைக்கு, அவளுடைய குறைந்த கூலிக்கு மாறியது. அவ்வளவே.

1994இல் அந்தச் சங்கமே பெயரை மாற்றிக்கொண்டது. ‘மனை’ போய் ‘குடும்பமும் நுகர்வோரும்’ வந்தன. சமையல்–தையல் என்ற பழைய முத்திரையைக் கழற்றும் முயற்சி அது. ஆனால் ‘நுகர்வோர்’ என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். வீடு என்பது வேலை நடக்கும் இடம். சோறும் துணியும் உறக்கமும் நாளை வேலைக்குப் போகும் உடலும் அங்கேதான் உருவாகின்றன. அதை நுகர்வோரின் இடம் என்று பெயரிட்டால் உழைப்பு கண்ணிலிருந்து மறைந்து, வாங்குவது மட்டும் மிஞ்சும். எந்தப் பொட்டலம் மலிவு, கடன் அட்டையின் வட்டி எவ்வளவு, விளம்பரம் எப்படி ஏமாற்றுகிறது என்பவை எல்லாம் தேவையான பாடங்கள்தாம். கடன் வலையில் சிக்குகிறவர்களுக்கு அவை உயிர்ப் பிரச்சினை. ஆனாலும் எல்லாம் தனிமனிதரின் புத்திசாலித்தனமாக முடிகிறது. சம்பளம் ஏன் போதவில்லை என்பதும், பார்த்து வாங்கி, சுமந்து வந்து, நறுக்கி, வேகவைத்துப் பரிமாறிய நேரத்துக்கு விலை ஏன் இல்லை என்பதும் கணக்கில் வருவதில்லை.

அழும் பொம்மை

இந்த வகுப்புகளில் பலகாலமாக நடக்கும் ஒரு பயிற்சி உண்டு. ஒரு முட்டையையோ மாவு மூட்டையையோ பிள்ளையிடம் கொடுத்து, இதைக் குழந்தையாகப் பாவித்துச் சில நாள் பார்த்துக்கொள் என்பார்கள். 1990களில் மின்னணுப் பொம்மை வந்தது. இரவில் அழும், பால் கேட்கும், தலையைத் தாங்காமல் தூக்கினால் அதையும் பதிவுசெய்யும். பிள்ளை வளர்ப்பின் சிரமத்தைக் காட்டி, இளவயதுக் கருத்தரிப்பைத் தடுப்பது நோக்கம்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 57 பள்ளிகளில் இத்தகைய ஒரு திட்டத்தை ஆய்வாளர்கள் முறையாகச் சோதித்தார்கள். 13 முதல் 15 வயதுப் பெண்களை 20 வயதுவரை பின்தொடர்ந்தார்கள். முடிவு 2016இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பொம்மையை வளர்த்த பெண்களில் 8 சதவீதத்தினர் 20 வயதுக்குள் குழந்தை பெற்றிருந்தார்கள். பொம்மைத் திட்டத்தில் இல்லாதவர்களில் அது 4 சதவீதம். கருக்கலைப்பு முறையே 9 சதவீதமும் 6 சதவீதமும். தடுக்க வந்த திட்டம் தடுக்கவில்லை, எண்ணிக்கை கூடத்தான் கூடியது.

ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்லலாம். என் கவனம் ஆய்வின் வடிவத்தில் நிற்கிறது. திட்டமும் அளவீடும் பெண்களைச் சுற்றியே இருந்தன. கருத்தரிப்பில் ஒரு பையனும் உண்டு என்பதை இரண்டுமே மறந்திருந்தன. குழந்தையைச் சுமை என்று காட்டி ஒரு சிறுமியைப் பயமுறுத்துவது பாலியல் கல்வி ஆகாது. ‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது, கருத்தடை எங்கே கிடைக்கும், அவன் பொறுப்பு என்ன என்பவை பேசப்பட வேண்டிய இடத்தில் பொம்மையை வைத்துப் பெரியவர்கள் நகர்ந்துகொள்வது எளிது. விடிய விடிய அழும் பொம்மையோடு ஒரு சிறுமி தனியாக விழித்திருப்பதே, தாய்மை என்றால் தனிமை என்ற பாடத்தை அவளுக்குச் சொல்லிவிடுகிறது.

ஜப்பானில் கேட்டார்கள்

இந்தப் பாடத்தையே தூக்கி எறிய வேண்டுமா என்றால், இல்லை. ஜப்பானில் 1960களிலிருந்து நடுநிலைப் பள்ளியில் பையன்கள் தொழில்நுட்பமும் பெண்கள் மனையியலும் தனித்தனியே படித்தார்கள். பின்னர் உயர்நிலைப் பள்ளியில் மனையியல் பெண்களுக்கு மட்டும் கட்டாயமானது. 1974இல் இசிகாவா ஃபுசாயே உள்ளிட்ட பெண்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். மனையியலை ஒழி என்பது அவர்களுடைய கோரிக்கை அல்ல, ஆணுக்கும் கட்டாயமாக்கு என்பதே. பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஜப்பான் 1985இல் ஏற்றபோது, பெண்களுக்கு மட்டுமான அந்தக் கட்டாயப் பாடம் உடன்படிக்கைக்கு முரணாக நின்றது. பாடத்திட்டம் திருத்தப்பட்டு, 1993இல் நடுநிலைப் பள்ளியிலும் 1994இல் உயர்நிலைப் பள்ளியிலும் இருபாலரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினார்கள்.

நடுநிலைப் பள்ளியில் இந்த மாற்றத்துக்குச் சற்று முன்னும் பின்னும் படித்தவர்களைப் பல ஆண்டுகள் கழித்துப் பொருளியலாளர்கள் ஒப்பிட்டார்கள். சேர்ந்து படித்த தலைமுறையில் ஆண்கள் வீட்டுவேலையில் முன்னைவிடக் கூடுதல் பங்கெடுப்பது தெரிந்தது. ஜப்பான் வீடுகளில் சமத்துவம் வந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. அங்கே பெண்ணின் சுமை இன்னும் பெரியது. ஆனால் பதின்மூன்று வயதில் நடக்கும் ஒரு வகுப்பு, நாற்பது வயதில் பாத்திரத்தின் முன் யார் நிற்கிறார் என்பதைச் சிறிதேனும் மாற்ற முடியும் என்றால், அந்த வகுப்பை இளக்காரமாகப் பார்க்க நமக்கு உரிமை இல்லை.

நமக்கு வந்த வழி

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் நேரடி இடம் உண்டு. கார்னெலில் 1936இல் முனைவர் பட்டம் பெற்ற கறுப்பின அறிஞர் ஃபிளெமி கிட்ரல், ஊட்டச்சத்து அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண். 1950இல் பரோடாவுக்கு வந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மனையியல் கல்வியை அமைக்க உதவினார். அப்போது அதன் துணைவேந்தர் ஹன்சா மேத்தா. மனித உரிமைகள் பிரகடனத்தின் முதல் விதியில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படும்படி இருந்த சொல்லை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்றக் காரணமானவர்.

1952–53இல் நம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம், பெண்கள் பள்ளிகளில் மனையியல் படிக்கச் சிறப்பு வசதி வேண்டும் என்றது. 1960களின் தொடக்கத்தில் ஹன்சா மேத்தா தலைமையில் அமைந்த குழு வேறு திசையில் பேசியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் கூடாது, நடுநிலை வகுப்புகளில் மனைக்கலை இருவருக்கும் பொதுவான பாடமாக இருக்கட்டும் என்றது. கோத்தாரி ஆணையமும் பாடத்திட்டத்தில் பால் பிரிவினை வேண்டாம் என்பதை ஏற்றது. அறுபதாண்டுகள் கடந்துவிட்டன. தமிழ்நாட்டில் மனையியல் மேல்நிலை வகுப்பில் ஒரு விருப்பப் பாடம். நடுநிலைப் பள்ளிப் பையன் அதைத் தொடாமலேயே வளர்கிறான்.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்களுக்கு அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு பதில் சொல்கிறது. 2019இல், ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 2024இல் இது 289, 88. பெண்ணின் நேரம் பத்து நிமிடம் குறைந்தபோது ஆணின் நேரமும் ஒன்பது நிமிடம் குறைந்தது. இடைவெளி 202 நிமிடத்திலிருந்து 201 ஆனது. ஐந்தாண்டில் ஒரே ஒரு நிமிடம். இதுவும் வேலையில் கைவைத்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு. 2019இல் பெண்களில் 81 சதவீதத்தினர் அப்படிக் கைவைத்தார்கள். ஆண்களில் 26 சதவீதத்தினர்தான்.

2024இல் கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படம் வந்தபோது நாடெங்கும் பேசப்பட்டது. ஒரு படம் செய்தியாகிறது என்பதே நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டுகிறது.

பள்ளியில் இருக்கும் சமையலறை

அமெரிக்கப் பள்ளியைப் போல மாதிரிச் சமையலறைகள் கட்ட நம்மிடம் ஏது பணம் என்பார்கள். நம் அரசுப் பள்ளிகளில் ஏற்கனவே சமையலறை இருக்கிறது. அங்கே தினமும் உண்மையான சோறு வேகிறது. 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் பெரும்பாலும் பெண்கள். 2022இல் வந்த காலை உணவுத் திட்டத்திலும் சமைப்பவர்கள் பெண்களே. பிள்ளைகள் வரிசையில் நின்று தட்டை நீட்டுகிறார்கள். அந்த அக்கா எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு சம்பளம், புகையில் எவ்வளவு நேரம் நின்றார் என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று பெற்றோர் தகராறு செய்த செய்திகளை நாம் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். கலோரி அட்டவணையை மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, இந்தச் சோற்றை ஏன் சிலர் மறுக்கிறார்கள் என்று பேசாத உணவுப் பாடம் அரைப் பாடம்கூட இல்லை. வீட்டுவேலை பாலினத்தால் மட்டும் பங்கிடப்படுவதில்லை. யார் சமைக்கலாம், யார் கழுவ வேண்டும், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதைச் சாதியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

ஆகவே நடுநிலைப் பள்ளிக்கு மனையியல் வரட்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும், விருப்பப் பாடமாக அல்ல, கட்டாயமாக. பையன் தன் உள்ளாடையைத் தானே துவைக்கட்டும், ரசம் வைக்கட்டும், தம்பியின் காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போடட்டும். மாதவிடாய் பற்றி அவனும் அதே அறையில் உட்கார்ந்து கேட்கட்டும். ஆனால் கைப்பழக்கத்தோடு நின்றால் அமெரிக்க வகுப்பின் கதைதான் இங்கும் நடக்கும். வேலையோடு கேள்வியும் வர வேண்டும்.

முதல் வாரத்துக்கு ஒரு வீட்டுப்பாடம் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து இரவுவரை, வீட்டில் யார் எந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று குறித்துவரச் சொல்லலாம். பணம், எந்திரம், பொம்மை எதுவும் வேண்டாம். நோட்டில் இரண்டு பக்கம் போதும்.

ஒன்றை மட்டும் ஆசிரியர்கள் முன்கூட்டியே எண்ணி வைக்க வேண்டும். பையன் அந்த நோட்டை வீட்டில் காட்டினால் சிரிப்பார்கள். பெண்பிள்ளை காட்டினால், ‘படிக்க அனுப்பினால் வேவு பார்க்கிறாயா’ என்று அடிகூட விழலாம். மறுநாள் அவள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வெறும் கையோடு வரக்கூடும். வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று அவளை எழுப்பி நிறுத்தாத, பக்கம் ஏன் கிழிந்தது என்று அவளிடம் தனியாகக் கேட்கத் தெரிந்த ஆசிரியர் முதலில் வேண்டும். அவரை உருவாக்காமல் பாடநூலை மட்டும் அச்சிட்டால், நாளைக்கும் நம் பிள்ளைகள் மஃபினுக்குப் பதில் கேசரி கிண்டப் பழகுவார்கள், வேறொன்றும் நடக்காது.